ஆப்பிரிக்கா சைட்டுக்குப் போறவங்களுக்கு ஒரு வெயிட்டான அயர்ன் பாக்ஸ் ரிவ்யூ

சட்டை மடிப்பு ஷார்ப்பா நிக்குதா, காலர் மொடமொடன்னு இருக்கான்னு பாக்கற ரிவ்யூ கிடையாது இது, முதல்லயே சொல்லிடறேன். கானா, நைஜீரியா, உகாண்டா, மொசாம்பிக்னு டவர் லைன் வேலை, சிமென்ட் பிளான்ட் வேலை, ரோடு வேலைன்னு கிளம்பறாங்க பாருங்க நம்ம கடலூர், பண்ருட்டி, நெய்வேலி பக்கத்துப் பசங்க, அவங்களுக்காக எழுதறது. அங்க அயர்ன் பாக்ஸ் சரியில்லன்னா சட்டை கசங்கறதோட போகாது, தோலுக்குள்ள புழு ஏறும். நெசமாவே புழு, கதை விடல. சாப்பிட்டுகிட்டே படிக்கறவங்க கை கழுவிட்டு அப்புறமா வாங்க.

பொருள் என்னன்னு சொல்லிடறேன். கடலூர் லாரன்ஸ் ரோட்டுல ஒரு எலக்ட்ரிகல் கடையில வாங்கின டிரை அயர்ன், 1000 வாட், ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியா வெயிட்டு, அடித்தட்டு நல்ல தடிமன். ஸ்டீம் கிடையாது, ஸ்ப்ரே கிடையாது, ஒரு திருகு, ஒரு சிவப்பு லைட்டு, நூல் சுத்தின கார்டு, அவ்ளோதான். பிராண்டு பேரு போடல, போட்டா காசு வாங்கிட்டு எழுதறான்னு கீழ நாலு பேரு வருவீங்க, அதுவும் இல்லாம இதே மாதிரி வெயிட்டு பாக்ஸ் நாலஞ்சு கம்பெனில வருது, எல்லாம் ஏறக்குறைய ஒரே ஜாதி. கடைக்காரர் எனக்கு இத எடுத்துக் குடுக்கவே யோசிச்சாரு, "தம்பி, இதெல்லாம் இப்ப வயசானவங்கதான் கேட்டு வாங்கறாங்க, ஃபாரின் போறேன்ற, லைட் வெயிட்டுல நான்ஸ்டிக் இருக்கு, கையடக்கமா டிராவல் ஸ்டீமர் இருக்கு, அத எடுத்துக்கயேன்"னாரு. நல்ல மனுஷன், தோலுக்குள்ள புழு ஏத்தற அந்த ஈப்பூச்சியப் பத்தி அவருக்குத் தெரியாது.

அந்த ஈப்பூச்சியப் பத்தி சொல்லாம இந்த ரிவ்யூ புரியாது. சஹாராவுக்குக் கீழ நெறைய நாட்டுல இருக்கு, டாக்டருங்க டம்பு ஃப்ளைன்னு சொல்றாங்க, கேம்ப்ல எல்லாரும் மாங்கோ ஃப்ளைன்னுதான் சொல்லுவாங்க. மஞ்சப்பழுப்பா, ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். கொசு மாதிரி ஆளக் கடிக்காது, ஆள்கிட்ட வரவும் வராது. நிழலான எடத்துல, நாய் மூத்திரம் பேஞ்ச மணல்ல முட்டை போடும், அது கிடைக்கலன்னா கொடில தொங்கற ஈரத்துணில போடும், ஒரு தடவைக்கு நூறு, முந்நூறுன்னு. ரெண்டு மூணு நாள்ல பொரிஞ்சு கண்ணுக்கே தெரியாத சைஸுல புழு வெளிய வந்து தையல் மடிப்புக்குள்ள உக்காந்துக்கும், சோறு தண்ணி இல்லாம ரெண்டு வாரம் வரைக்கும்கூட தாக்குப்புடிக்கும். நீங்க அந்தத் துணிய எடுத்துப் போட்டதும் உடம்பு சூடு பட்டு முழிச்சுக்கிட்டு நேரா தோலத் தொளச்சு உள்ள போயிடும். போறப்ப வலியே தெரியாது, அதுதான் கொடுமை.

உள்ள போனப்புறம் ஒரு சின்ன சிவப்புப் பொட்டு, அரிப்பு, அப்புறம் ஊசி குத்தற மாதிரி சுருக் சுருக்னு வலி, அப்படியே பெருசாகி கட்டி மாதிரி வரும். நடுவுல ஒரு ஓட்டை இருக்கும், அதுல கறுப்பா ஒரு புள்ளி, அதுதான் புழுவோட பின்பக்கம், அது வழியாத்தான் மூச்சு விடுது. எட்டுலேர்ந்து பன்னெண்டு நாள் உள்ள சாப்பிட்டு வளரும், ஒன்றரை சென்டிமீட்டர் வரைக்கும் போகும், அப்புறம் தானாவே வெளிய வந்து மண்ணுல விழுந்து கூடு கட்டி ஈயாயிடும். நாய்க்கும் எலிக்கும் வர்றதுதான் அதோட வழக்கமான பொழப்பு, நாம குறுக்க போய் மாட்டறோம். கேம்ப்ல நாய் இருந்தா ஈ இருக்கும், நாய் இல்லாத கேம்ப் எங்க இருக்கு.

டவர் லைன் கேம்ப் எப்படி இருக்கும்னா, வரிசையா கன்டெய்னர் ரூம், பின்னாடி ரெண்டு மாமரத்துக்கு நடுவுல கயிறு, அதுலதான் மொத்தப் பேரு துணியும். மழைக்காலத்துல துணி காயவே காயாது, சாயந்திரம் வரைக்கும் சில்லுன்னு தொங்கும், ஈக்கு அதுதான் கல்யாண மண்டபம். நல்லா சுள்ளுன்னு வெயில்ல போட்டா ஈ அவ்வளவா வராது, அதுக்கு நேரடி வெயில் ஆகாது, ஆனா மரத்தடிய விட்டா கயிறு கட்ட வேற எடமும் இருக்காது.

நான் கானாவுலேர்ந்து லீவுல ஊருக்கு வந்தப்ப இடுப்புல பேன்ட் பெல்ட்டு போடற எடத்துலயும் தொடையிலயும் கட்டி. பக்கத்துல ஒரு கிளினிக்ல காட்டினா வேனக்கட்டின்னு சொல்லி ஆன்டிபயாடிக் குடுத்தாங்க. அவங்களத் தப்பு சொல்ல மாட்டேன், கடலூர்ல மே மாச வெயில்ல ஒருத்தன் இடுப்புல கட்டியோட வந்து நின்னா வேற என்னன்னு சொல்லுவாங்க, எங்கேர்ந்து வந்தேன்னு அவங்க கேக்கல, நானா சொல்லணும்னும் தோணல. ஆப்பிரிக்கா போயிட்டு வந்தவங்க டாக்டர்கிட்ட உக்காந்ததும் வாயத் தொறந்து முதல் வார்த்தையா அதச் சொல்லிடுங்க, காய்ச்சலோ கட்டியோ எதுவா இருந்தாலும் சரி, மலேரியாவுக்கும் இதே கதைதான்.

மாத்திரை சாப்பிட்டும் அடங்கல. அம்மா என்ன பண்ணாங்கன்னா, "உடம்பு சூடுடா அது, ஏரோப்ளேன்ல வந்த சூடு"ன்னு சொல்லி வெத்தலைல விளக்கெண்ணெய் தடவி விளக்குல வாட்டி கட்டி மேல போட்டுட்டாங்க. இங்கதான் வேடிக்கை, எண்ணெய் அந்த ஓட்டைய அடைச்சதும் உள்ள இருக்கறதுக்கு மூச்சு முட்டிடுச்சு. ராத்திரி இலைய எடுத்துப் பாத்துட்டு அம்மா, "டேய், என்னமோ வெள்ளையா எட்டிப் பாக்குதுடா, உள்ள இழுத்துக்குதுடா"ன்னு கத்தினது தெருவுக்கே கேட்டிருக்கும். டாக்டருங்க வாசலின் வச்சு பண்ற வைத்தியமும் இதேதான், மூச்சு ஓட்டைய அடைக்கறது, அது காத்துக்காக மேல வர்றப்ப புடிக்கறது. அம்மாவுக்கு இன்னிக்கி வரைக்கும் அதுல பெருமை, யாரு வீட்டுக்கு வந்தாலும் சொல்லுவாங்க.

மறுநாள் பாண்டிக்குப் போய் ஒரு ஸ்கின் டாக்டரம்மாவப் பாத்தேன். கானாவுல வேலைன்னு சொன்னதுமே அவங்க முகம் மலந்துடுச்சு, டார்ச்சும் லென்ஸும் எடுத்துகிட்டு வந்துட்டாங்க, ஜூனியர் ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் காட்டினாங்க, எனக்கு ஒரு பக்கம் வெக்கம் ஒரு பக்கம் நம்ம கட்டிக்கு இவ்ளோ மவுசான்னு இருந்துச்சு. வாசலின கெட்டியா அப்பி கொஞ்ச நேரம் விட்டு, ரெண்டு பக்கமும் விரல வச்சு அமுக்கி, ஃபோர்செப்ஸால புடிச்சு முழுசா எடுத்தாங்க. சும்மா வீட்டுல நசுக்கக் கூடாதுன்னாங்க, புழு உள்ளயே கிழிஞ்சு போச்சுன்னா அப்புறம் வீங்கி சீழ் புடிச்சு நெசமான கட்டியாயிடும். எடுத்தப்புறம் சுத்தம் பண்ணி டிடி ஊசி போட்டாங்க, ரெண்டு நாள்ல வலி போச்சு. 1862லயே செனகல்ல இருந்த பிரெஞ்சு டாக்டருங்க இந்தப் புழுவப் பத்தி எழுதி வச்சிருக்காங்களாம், அப்ப நம்ம பாண்டியும் அவங்க கைலதான் இருந்துச்சு, இங்கேர்ந்து அங்க போன எவனாவது சிப்பாய் இடுப்பச் சொறிஞ்சுகிட்டே திரும்பி வந்திருப்பான்னு நானா நெனச்சு சிரிச்சுகிட்டேன்.

ஒரு விஷயம் இங்க சொல்லியே ஆகணும். நம்ம ஊர்ல உடம்புல புழு வச்சுதுன்னா பாவம் பண்ணவன், சுத்தம் இல்லாதவன்னு ஒரு பேச்சு இருக்கு. இந்தப் புழு அழுக்குப் புண்ணுல வர்றது கிடையாது, குளிச்சு முடிச்சு துவைச்ச துணி போட்டவனுக்குத்தான் வருது, துவைச்ச துணிலதானே முட்டையே இருக்கு. ஆளுகிட்டேர்ந்து ஆளுக்கு ஒட்டவும் ஒட்டாது. பொண்டாட்டி புள்ளைங்கள தள்ளிப் படுக்க வைக்க வேண்டிய அவசியமே இல்ல. பெட்டில மடிச்சு எடுத்துட்டு வந்த துணிய மட்டும் வீட்டுல யாரும் தொட்டுப் போட்டுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ நல்லா தேச்சிடுங்க, அதுக்குள்ள பட்டினியா படுத்திருந்தா என்ன பண்றது.

டாக்டரம்மா கடைசியா சொன்னதுதான் இந்த பாக்ஸ் வாங்கக் காரணம். "எல்லாத் துணியையும் தேச்சுப் போடுங்க, ரெண்டு பக்கமும், தையல், பட்டி, பாக்கெட்டு ஓரம் எல்லாம். சூடுதான் முட்டையையும் புழுவையும் கொல்லும்." அப்பதான் எனக்கு எங்க கேம்ப்ல சமைக்கற ஆன்ட்டி ஞாபகம் வந்துச்சு. அந்தம்மா கரி இஸ்திரிப் பெட்டி வச்சுகிட்டு கர்ச்சீப், துண்டு, பெட்ஷீட்டு, பேரப்புள்ள இடுப்புத்துணி வரைக்கும் தேச்சுகிட்டு இருக்கும், நம்ம பசங்க "ஆன்ட்டிக்கு ஷோக்கப் பாரு"ன்னு கிண்டல் பண்ணுவாங்க. அந்த ஊர்ல வீட்டுக்கு வீடு அப்படித்தான், பாட்டி காலத்துலேர்ந்து தெரிஞ்சு வச்சிருக்காங்க, கேம்ப்ல யாரும் கேட்டதில்ல அவ்ளோதான்.

சரி பாக்ஸுக்கு வர்றேன். நான் பாத்த முதல் டெஸ்ட் தையல் டெஸ்ட்டு. வேலைக்குப் போட்டுகிட்டு போற ஜீன்ஸோட இடுப்புப்பட்டி நாலஞ்சு மடிப்பு இருக்கும், அதுமேல பாக்ஸ வச்சு பத்து எண்ணிட்டு எடுத்து அடிப்பக்கம் புறங்கையால தொட்டுப் பாத்தேன், கை வைக்க முடியல. இதே டெஸ்ட்ட வீட்டுல இருக்கற லைட் வெயிட்டு பாக்ஸுல பண்ணினா மேல சுடுது, அடியில வெதுவெதுன்னுதான் இருக்கு. வெயிட்டு பாக்ஸ் தன்னோட கனத்துலயே மடிப்ப அமுக்குது, அடித்தட்டுல தேங்கியிருக்கற சூடு நெறைய இருக்கறதால ஈரத்துணில வச்சதும் பொசுக்குன்னு ஆறிடறதில்ல. நம்ம தெருமுனைல இஸ்திரி வண்டி அண்ணன் இன்னும் அந்தப் பித்தளைக் கரிப்பெட்டிய விட மாட்டேன்றாரே, அதுக்கும் இதான் காரணம், இப்ப கேஸ் பெட்டி வந்துடுச்சு, ஆனா அதுலயும் கனத்தக் கொறைக்கல பாருங்க.

இன்னொரு ட்ரிக் அவருகிட்டதான் கத்துகிட்டது. பருத்தித் துணியா இருந்தா லேசா தண்ணி தெளிச்சு சுருட்டி வச்சிட்டு அப்புறம் தேய்க்கணும். அந்த ஈரம் ஆவியாகி மடிப்பு மடிப்பா உள்ள போகும், வறண்ட துணில சூடு அவ்ளோ உள்ள எறங்காது. ஆனா முழுசா காயற வரைக்கும் தேய்க்கணும், பாதி ஈரத்தோட மடிச்சு வைக்கக் கூடாது, அத எடுத்துட்டுப் போய் மறுபடியும் மாமரத்துக் கயித்துல போடவே கூடாது.

ஏன் இத இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, என் ரூம்ல திருநெல்வேலிக்காரத் தம்பி ஒருத்தன் கைப்பிடி மடக்கற டிராவல் ஸ்டீம் அயர்ன் ஒண்ணு கொண்டு வந்தான், பாக்க பொம்ம மாதிரி சூப்பரா இருக்கும், உள்ளங்கை அகலம்தான் அடித்தட்டு. அது ஸ்டீம் விடறேன்னு தண்ணிய சொட்டு சொட்டா ஒழுகவிடும், துணி தேச்சப்புறம் தேய்க்கறதுக்கு முன்னாடி இருந்தத விட ஈரமா இருக்கும், தம்பி அத எடுத்துட்டுப் போய் வெளிய காயப்போடுவான். ஈக்கு வெத்தலை பாக்கு வச்சு அழைக்கற மாதிரிதான். அவனுக்கு முதுகுல மூணு எடத்துல வந்துச்சு, கை எட்டாத எடம் வேற. ஹோட்டல்ல தங்கி மீட்டிங் போறவங்களுக்கு அந்த ஸ்டீமர் ஓகே, கேம்ப்புக்கு சுத்தமா வேஸ்ட்டு.

கரென்ட் விஷயம் எலக்ட்ரீஷியனா எனக்கு முக்கியம். கானாவுலயும் நைஜீரியாவுலயும் நம்ம ஊரு மாதிரியே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதனால கன்வெர்ட்டர் எதுவும் வேணாம். ஆனா கிராமத்து லைன்ல சாயந்திரம் 180 வோல்ட்டுக்கு எறங்கிடும், அப்ப இந்த 1000 வாட் பாக்ஸ் 600 வாட் சொச்சம்தான் இழுக்கும், ஏன்னா வோல்டேஜ் கொறையறப்ப பவர் அதோட வர்க்கத்துக்குக் கொறையும். தெர்மோஸ்டாட் இருக்கறதால கடைசில அதே சூட்டுக்குத்தான் வரும், என்ன, வர்றதுக்கு நேரம் ஆகும், சிவப்பு லைட்டு அணையற வரைக்கும் பொறுமையா காத்திருக்கணும். லைட்டு அணையறதுக்கு முன்னாடி அவசரப்பட்டு தேச்சா எதுவும் சாகாது. இதுலயும் தடிமன் தட்டுதான் ஜெயிக்குது, ஒரு தடவ சூடேறிட்டா ரெண்டு சட்டை தாங்கும். கானாவுல பவர் கட்டுக்கு டும்சோர்னு பேரு, அது வந்தா கேம்ப் ஜெனரேட்டர்தான், ஜெனரேட்டர்ல ஒரே நேரத்துல நாலு ரூம்ல அயர்ன் போட்டா டிரிப் ஆயிடும், ஏசிக்காரன் வந்து சண்டை போடுவான், அதனால முறை வச்சுக்கிட்டோம்.

பிளக்கு. நம்ம ஊரு மூணு உருண்டைப் பின் சில எடத்துல நேரா சொருகிக்கும், நெறைய எடத்துல பிரிட்டிஷ் மாடல் சதுரப் பின் சாக்கெட்டுதான். ரோட்டோரம் விக்கற யுனிவர்சல் அடாப்டர் செல்போன் சார்ஜருக்கு மட்டும்தான், அதுல அயர்ன் போட்டா நாலு ஆம்பியருக்கு மேல ஓடும், லூஸ் கான்டாக்ட்ல சூடாகி பிளாஸ்டிக் உருகிடும். அங்க போனதும் நல்ல ஃப்யூஸ் வச்ச பிரிட்டிஷ் பிளக்கு ஒண்ணு வாங்கி கார்டுலயே மாத்திக்கறது உத்தமம், அஞ்சு நிமிஷ வேலை.

சூட்டுப் புள்ளி விஷயம் நெறைய பேருக்குத் தெரியறதில்ல. துணில இருக்கற லேபிள்ல ஒரு புள்ளின்னா 110 டிகிரி வரைக்கும், ரெண்டுன்னா 150, மூணுன்னா 200. காட்டன், ஜீன்ஸ், பெட்ஷீட்டு, துண்டுக்கு மூணு புள்ளில அடிக்கலாம், அதுக்குத்தான் இந்த பாக்ஸ் பொறந்ததே. பாலியஸ்டர் கலந்த யூனிஃபார்முக்கு ரெண்டு. பிரச்சினை எதுலன்னா ரிஃப்ளெக்டர் ஜாக்கெட், ஸ்போர்ட்ஸ் பனியன், எலாஸ்டிக் வச்ச ஜட்டி. ரிஃப்ளெக்டர் பட்டி மேல வச்சா உருகி தட்டுல ஒட்டிக்கும். எலாஸ்டிக் நாள் ஆக ஆக லொடலொடன்னு ஆயிடும். ஆனா இடுப்பு எலாஸ்டிக்குதான் புழுவுக்குப் புடிச்ச எடம், அதனால எலாஸ்டிக் போனா போகட்டும்னு தேச்சிடறேன், ஜட்டி புதுசு வாங்கிக்கலாம். தேய்க்க முடியாத ஜாக்கெட்டெல்லாம் ரூமுக்குள்ளயே கதவு சன்னல் கொசுவலை சாத்தி ஃபேன் போட்டுக் காய வைக்கணும், வெளிய போட்டே ஆகணும்னா எடுத்து ரெண்டு வாரத்துக்கு மேல தொடாம கட்டி வச்சிட்டு அப்புறம் போட்டுக்கணும், அதுக்குள்ள புழு பட்டினில செத்துடும். அதுக்கு ரெண்டு மூணு செட்டு வேணும், கம்பெனி ஒரு செட்டுதான் குடுக்கும், அது வேற கதை.

எல்லாப் புழுவுக்கும் அயர்ன் பாக்ஸ் மருந்துன்னு நெனச்சுக்காதீங்க. மணல்ல வெறுங்காலோட நடந்தா ஜிகர்னு ஒரு மண் உண்ணி மாதிரி ஐட்டம், அது ஈ இல்ல, ஒரு வகை தெள்ளுப்பூச்சி, நகத்துக்கு அடியிலயும் குதிகால்லயும் பூந்து முட்டைப்பை ஊதிக்கும், அதுக்கு மூடின ஷூதான் வழி. பீச் மணல்ல நாய் கக்கா போன எடத்துல உக்காந்தா கொக்கிப்புழுக் குஞ்சு தோலுக்கு அடியில பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு கோடு போட்டுகிட்டு போகும், அது மனுஷ உடம்புல பெரும்பாலும் தோலத் தாண்டி உள்ள போகத் தெரியாம அங்கயே சுத்தும், ஐவர்மெக்டின் இல்லன்னா அல்பெண்டசோல் மாத்திரைல அடங்கிடும், டாக்டர் சொல்லித்தான் போடணும். பிரேசில், கயானா பக்கம் வேலைக்குப் போறவங்களுக்கு வேற ஒரு ஈ இருக்கு, அது கொசுவப் புடிச்சு அதோட வயித்துல முட்டைய ஒட்டி அனுப்பும், கொசு கடிக்கறப்ப புழு எறங்கிடும், அங்க நீங்க விடிய விடிய துணி தேச்சாலும் பிரயோஜனம் இல்ல, கொசுவலையும் கிரீமும்தான். அந்தப் புழு முள்ளு வச்ச உடம்பு, ஆப்பிரிக்காப் புழு மாதிரி லேசுல வெளிய வராது.

சவுதி, ஈராக் பக்கம் பாலைவன சைட்டுல மணல் ஈ கடிச்சு வர்ற புண்ணு ஒண்ணு இருக்கு, லெஷ்மேனியாசிஸ்னு சொல்லுவாங்க, வலிக்காம மாசக்கணக்குல ஆறாம கெடக்கும், வடு விட்டுட்டுத்தான் போகும். அதுக்கும் அயர்ன் உதவாது. நம்ம பாண்டிலயே கோரிமேடு பக்கம் இந்திரா நகர்ல 1975லேர்ந்து வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர் இருக்கு, மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு ஐசிஎம்ஆர் நடத்தறது, கொசு மணல் ஈன்னு பூச்சி பரப்பற நோயப் பத்தி ஆராய்ச்சி பண்றதுதான் அங்க வேலையே, பஸ்ல அந்தப் பக்கம் போறப்பல்லாம் போர்டப் பாத்திருப்போம், என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்.

அயர்ன் உதவற இன்னொண்ணு சிரங்கு. வளைகுடா லேபர் கேம்ப்ல ஒரு ரூம்ல எட்டு பேரு பத்து பேருன்னு படுக்கறப்ப ஒருத்தனுக்கு வந்தா ரூமுக்கே வரும். அந்தப் பூச்சி உடம்ப விட்டு வெளிய வந்தா ரெண்டு மூணு நாள்தான் தாங்கும், பெட்ஷீட்டையும் தலைகாணி உறையையும் சுடுதண்ணில அலசி நல்லா தேச்சுட்டா அதோட கதை முடிஞ்சுது. மருந்து தனி, பெர்மெத்ரின் 5 சதவீத கிரீம் கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் ராத்திரி தடவி காலைல குளிக்கணும், ஒரு வாரம் கழிச்சு மறுபடியும், ரூம்ல இருக்கற எல்லாரும் ஒரே நாள்ல போடணும், ஒருத்தன் விட்டாலும் வட்டம் போட்டுத் திரும்பி வரும்.

எனக்கு ஆத்திரம் எதுலன்னா, கானா போகணும்னா மஞ்சள் காய்ச்சல் ஊசி இல்லாம உள்ள விட மாட்டாங்க, அதுக்கு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வரைக்கும் போய் வரிசைல நின்னு மஞ்சக் கார்டு வாங்கிட்டு வர்றோம், பயணத்துக்கு பத்து நாள் முன்னாடியே போட்டிருக்கணும், மலேரியாவுக்கு மாத்திரை சொல்றாங்க, கொசுவலை சொல்றாங்க, எல்லாம் உயிர் போற விஷயம், கரெக்ட்டுதான். ஆனா ஏஜென்ட்டோ சேஃப்டி ஆபீஸரோ ஒருத்தராவது "தம்பி, துணியத் தேச்சுப் போடு"ன்னு ஒரு வரி சொல்லலாம்ல. செலவே இல்லாத புத்திமதி. ஹெல்மெட்டு போடலன்னா ஃபைன் போடறாங்க, துணி மரத்தடில தொங்கறத எவனும் பாக்கறதில்ல.

பாக்ஸோட குறைய சொல்லாம விட்டா ரிவ்யூவே இல்ல. வெயிட்டு, அதுதான் பெருசு. ஃப்ளைட்டுல கிலோ கணக்கு, அம்மா வைக்கற ஊறுகா, பருப்புப்பொடி, பண்ருட்டி முந்திரின்னு ஏற்கெனவே பெட்டி பிதுங்கும், அதுல ரெண்டு கிலோ இரும்புன்னா எதையாவது எடுத்து வெளிய வைக்கணும், நான் அப்பளக்கட்ட எடுத்தேன், வீட்டுல ஒரு வாரம் பேச்சு. கை வலிக்கும், முக்கியமா நாள் முழுக்க டவர்ல ஏறி எறங்கிட்டு வந்து ராத்திரி பெட்ஷீட்டு தேய்க்கறப்ப தோள்பட்டை கழண்டு போற மாதிரி இருக்கும். தட்டு நான்ஸ்டிக் இல்ல, ஒரு தடவ நைலான் ஒட்டுச்சுன்னா சுரண்டி எடுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். பட்டன் சுத்தி போக மூக்கு கொஞ்சம் மொட்டையா இருக்கு, சட்டைக் கைப்பட்டிக்குள்ள நுழைக்கறது கஷ்டம்.

கார்டுதான் மட்டம். ஒன்றரை மீட்டர்கூட வராது, கேம்ப்ல சாக்கெட்டு எப்பவும் கட்டில் தலைமாட்டுல மேல இருக்கும், எட்டாது. நூல் சுத்தினது நல்லதுதான், சூடான தட்டு பட்டாலும் ரப்பர் மாதிரி உருகாது, ஆனா பாக்ஸோட சேர்ற எடத்துல வளைஞ்சு வளைஞ்சு உள்ள கம்பி அறுந்து போச்சு. நான் எலக்ட்ரீஷியன், வெட்டி மறுபடியும் கட்டிட்டேன், மத்தவங்க என்ன பண்ணுவாங்க.

வெலை ஆயிரத்து ஐநூறுக்குள்ளதான், லைட் வெயிட்டு பாக்ஸ் அத விடக் கம்மிக்கே கெடைக்கும். பாண்டி நேரு வீதில கேட்டா ரெண்டு கடைல இருந்துச்சு, ஒரு கடைல உள்ளேர்ந்து தூசி தட்டி எடுத்துட்டு வந்தாங்க. வாங்கறப்ப கடையிலயே பிளக்குல போட்டு சிவப்பு லைட்டு அணையுதா, மறுபடி எரியுதான்னு பாத்து வாங்குங்க, தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிட்டு இருக்கற பீஸும் வருது. அஞ்சுக்கு நாலு ஸ்டார், அந்த ஒண்ணு கார்டுக்காகக் கொறைச்சது. கூடவே மூணு மீட்டர் 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயர்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒண்ணு வீட்டுலயே செஞ்சு எடுத்துட்டுப் போயிடுங்க, அங்க கெடைக்கற ரெடிமேட்ல ஒயர் நூல் மாதிரிதான் இருக்கு, அயர்ன் போட்டா சூடாகுது.